சர்க்கார் வாசற்படி

காலை நடையில் உடன்வரும் என் வயதொத்த நண்பர்களுக்கு,

சென்ற மாதம் நாம் பதினொருவர் காட்டுப்பாக்கத்திலிருந்து வேன் அமர்த்திக்கொண்டு மகாபலிபுரம் சென்றோம் அல்லவா? அங்கே பாறைக்குன்றின் மீது நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தின் வாசலில், நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உங்களில் ஒருவர், "இன்னாம்மா, உள்ள எந்த சாமி கீது?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஏறி இறங்கும்வரை எனக்கு மூச்சு வாங்கியதே தவிரப் பேச்சு வரவில்லை. திரும்பும் வழியில் பாதிப் பேர் உறங்கிவிட்டீர்கள். ஆகவே அந்தக் கேள்விக்குரிய விடையை எழுத்தில் தருவதே முறையெனக் கருதுகிறேன். எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டு நின்றவள் நான். எஞ்சிய தமிழைப் பூந்தமல்லி நூலகத்து மரப்பலகையில் அமர்ந்து நானே கற்றுக்கொண்டேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நான்கு. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்தது. என் தந்தையாரை நாங்கள் நைனா என்று அழைப்போம். அவருக்கு ஒரே ஒரு தம்பி. அவரே எங்கள் சித்தப்பா. பெற்றோர் இருவரும் முன்பே காலமாகிவிட்டபடியால் சித்தப்பாவை வளர்த்துப் படிக்க வைத்தவர் தந்தையாரே. அம்பத்தூரில் புதிதாகத் திறந்திருந்த தொழிற்சாலை ஒன்றில் அவரைச் சேர்த்துவிட வேண்டுமென்று, அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் பலமுறை நடந்து வேலை பேசி, தம்பி வந்து சேருவான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதல் நாள் அணிந்து செல்ல ஒரு வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொடுத்தார்.

சித்தப்பா அந்தச் சட்டையை அணிந்துகொண்டு புறப்பட்டார். அம்பத்தூர் போய்ச் சேரவில்லை. நான்கு நாட்கள் கழித்துச் செய்தி வந்தது. உடன் படித்த ஒருவன் சொல்லக் கேட்டு, மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் உதவியாளாகச் சேர்ந்துவிட்டார் என்று.

தந்தையார் கொண்ட சினத்தை இப்போதும் என்னால் காண முடிகிறது. அவர் கத்தவில்லை. வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

"கடலப் பாத்துகினு குந்தினு கீற வேல. அதுக்காக என் வாக்க மண்ணுல போட்டுட்டான். இனிமே இந்த வாசப்படிய அவன் மிதிக்கக் கூடாது. அவன் வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன்."

எங்கள் தந்தையார் சொன்ன சொல்லை மாற்றியவர் அல்லர். ஊரார் அதையே அவருடைய பெருமையாகப் பேசுவார்கள். ஆகையால் அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டில் சித்தப்பாவின் பெயர் நின்றுபோயிற்று. இரண்டு ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் போன புதிதில் ஒரே ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்பங்கரையில் என்னை உட்கார வைத்து மெதுவாகப் படிக்கச் சொன்னார். "நான் இங்கு சுகம். அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே கோபுரத்தின் உச்சியில் பெரிய விளக்கு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். வெகு தூரத்துக் கப்பல்களுக்கும் தெரியும்" என்று எழுதியிருந்தது. சுவருக்கு அப்பால் தந்தையார் அரிவாளைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை அந்த ஓசை நின்றிருந்தது. முடித்ததும் மீண்டும் தொடங்கியது. அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து நிகழ்ந்த பிழைக்கு முழுப்பொறுப்பும் என்னுடையதே. அம்மாவிடம் இரண்டு ஆடுகள் இருந்தன. பொழுது சாயும் வேளையில் அவற்றை ஓட்டிவர அவரும் நானும் ஏரிக்கரைமேல் ஏறுவோம். கோரைப்புல்லின் பச்சை வாடையும் சேற்றின் குளிர்ச்சியும் கலந்து வீசும். கடிதம் வந்த மறுநாள், தென்கிழக்கே அடிவானத்தில் ஓர் ஒளி கண் சிமிட்டுவதைக் கண்டேன். ஒருமுறை வெள்ளையாக, மறுமுறை பச்சையாக, இடைவிடாமல் அது சுற்றியது.

"அம்மா, சித்தப்பாவோட வெளக்கு. கடுதாசில எழுதி கீதே, சுத்திக்கினே இருக்கும்னு" என்றேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டி. ஏத்திட்டாரு. நல்லாத்தான் கீறாரு" என்றார். அன்றுமுதல் அது நாள் தவறாத வழக்கமாயிற்று. வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா உலையைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாதவர்போல், "வெளக்கு ஏத்திட்டாரு" என்பார். தந்தையார் திரும்பியும் பார்க்க மாட்டார். அவர் நெஞ்சு கல் என்றே நான் எண்ணினேன். அம்மாவும் அவ்வாறே எண்ணினார்.

இரண்டாம் ஆண்டு மார்கழியின் கடைசியில் பனி கடுமையாக இறங்கியது. ஏரிக்கரையில் நின்றால் மதகுகூடத் தெரியவில்லை. விளக்கும் தெரியவில்லை. முதல் நாள் அம்மா, பனி என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் இருட்டிய பின்னும் கரையைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தந்தையார் சோற்றில் கை வைத்தபடி சொன்னார்:

"மூணு நாளா வெளக்கு தெரியலையே."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "நீங்க பாத்தீங்களா?"

"கண்ணு இருந்தா தெரியும். காணும் பொங்கலுக்கு ஊரே லாரி கட்டிக்கினு மகாபலிபுரம் போவுது. நாமளும் போவோம். போய் வெளக்கப் பாத்துட்டு வருவோம்." சற்று நிறுத்தி, "அவன இல்ல. வெளக்க" என்று சேர்த்துக்கொண்டார்.

நான்காம் நாள் பனி விலகிற்று. வெள்ளையும் பச்சையுமாக விளக்கு மறுபடி சுற்றியது. அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து, "தெரியுதுங்க. வந்துடுச்சு" என்றார். இனிப் பயணம் இல்லை என்று நான் முகம் வாடினேன். தந்தையாரோ மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, "அவன் ஏத்தினானோ, அவன் இல்லாத எடத்துல வேற ஆளு ஏத்தினானோ, யாரு கண்டா? போய்ப் பாத்தாதான் தெரியும்" என்றார்.

காணும் பொங்கலன்று அரிசி ஆலை லாரியில் வைக்கோல் பரப்பி ஊரார் நாற்பது பேர் ஏறினோம். புளிச்சோற்று மூட்டையும் கரும்புமாக ஒரே நெரிசல். தம்பிக்கு அம்மா சிவப்புக் கம்பளியில் ஒரு குல்லா வாங்கியிருந்தார். அதை அவன் உறங்கும்போதும் கழற்ற விடவில்லை. லாரி குன்றத்தூரைத் தாண்டியதும், தந்தையாருக்கு மாமன் மகன் முறையான ஒருவர் வாயைத் திறந்தார்.

"இன்னா மச்சான், தம்பி மேல கோவம் கரைஞ்சி போச்சா?"

"கோவம் அப்படியேதான் கீது. நான் வெளக்கப் பாக்கப் போறேன்."

"பகல்லயா?"

லாரி முழுவதும் சிரித்தது. தந்தையார் கரும்பைப் பல்லால் கிழித்தார்.

அந்தக் குன்றையும் கோபுரத்தையும் நீங்கள் கண்டீர்கள், வருணிக்கத் தேவையில்லை. அன்றும் அது பார்வையாளருக்குத் திறந்திருந்தது. வாசலில் ஒரு பலகை. அருகே சிறு மேசையில் நுழைவுச் சீட்டுடன் காக்கிச் சட்டை அணிந்த தலைமை விளக்குக் காப்பாளர். அம்மா எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு முன்னே சென்றார். தந்தையார் பத்தடி தள்ளி ஒரு பாறையில் அமர்ந்துவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வெளில இருந்தே பாத்துக்கிறேன்."

"வெளில இருந்து இன்னா தெரியும்? தூணுதான் தெரியும்" என்றார் அம்மா. இத்தனை தொலைவு வந்த பின்னரும் அவர் அந்தப் பாறையிலிருந்தே திரும்பிவிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அப்போது உள்ளிருந்து சித்தப்பா வந்தார். அவரும் காக்கியில் இருந்தார். கறுத்து மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு கணம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"வாண்ணா."

தந்தையார் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லி கீறேன்."

"என் வாசப்படியா? இங்க என்னுது இன்னாண்ணா கீது?" சித்தப்பா பலகையைக் காட்டினார். "படிச்சிப் பாரு. இது சர்க்கார் வாசப்படி. மூணு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் யார் வேணா மிதிக்கலாம். என் ரூமு அதோ, ஓடு போட்டு கீதே, அது. அங்க உன்ன நான் கூப்புடல."

தந்தையார் எழுந்து வந்து பலகையைப் படித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பின்னால் நின்ற குடும்பம் ஒன்று பொறுமையிழந்து முணுமுணுத்தது. அவர் இரண்டாம் முறையும் படித்தார்.

"மணி இன்னா இப்போ?"

"நாலாவப் போவுது."

"அப்ப நேரம் கீது" என்றவர், மேசைக்குச் சென்று மற்றவர்களைப்போலவே சீட்டு வாங்கினார். "அண்ணன்தான் சார், வுடுங்க" என்று சித்தப்பா தலைமைக் காப்பாளரிடம் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"செருப்பு போட்டுகினே வரலாம்ணா."

"சர்க்கார் படியா இருந்தா இன்னா? படி படிதான்" என்று சொல்லி உள்ளே காலை வைத்தார்.

நண்பர்களே, சென்ற மாதம் வாசலில் நான் தொட்டது அந்தப் படியைத்தான்.

உள்ளே கல்லின் குளிர்ச்சி. மண்ணெண்ணெய் வாடையும் பித்தளை துலக்கும் பொடியின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. சுழன்று ஏறும் படிகளில் எங்கள் குரல் எங்களுக்கு முன்னே ஓடியது. உச்சி அறையில் பகலெல்லாம் திரை கட்டியிருந்தார்கள். அதை விலக்கி சித்தப்பா காட்டியபோது, ஆளுயரத்துக்கும் மேலான கண்ணாடி, வளையம் வளையமாக அடுக்கி நடுவே ஒரு பெரிய கண்போல விழித்தது. உள்ளே எரிவதோ, கல்யாண ஊர்வலத்தில் தலைச்சுமையாக வரும் காஸ் விளக்கைப் போன்ற சிறிய வலைத்திரிதான்.

"இது தானா சுத்துதா?" என்றார் தந்தையார். கோபுரத்தில் நுழைந்தபின் அவர் பேசிய முதற்சொல் அது.

"தானா எங்க சுத்துது? கீழ ஒரு குண்டு தொங்குது பாரு, அதச் சாவி குடுத்து மேல ஏத்தணும். அது எறங்க எறங்க வெளக்கு சுத்தும். எறங்கிப் போச்சுன்னா மறுபடி ஏத்தணும். பொழுது விடியற வரைக்கும் நானும் இன்னொருத்தரும் மாத்தி மாத்தி." சித்தப்பா கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார்.

தந்தையார் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளங்கையை மேலாகத் திருப்பினார். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு ஏறியிருந்தது. ஏற்றம் இறைத்துத் தமக்கு வந்த அதே காய்ப்பு, அதே இடத்தில். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"குந்தினு கீற வேலன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

சித்தப்பா, ஏற்கெனவே பளிச்சென்றிருந்த கண்ணாடியை மென்துணியால் மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

வெளிமாடத்தில் காற்று ஆளைத் தள்ளியது. முதல் வேலையாக அது தம்பியின் சிவப்புக் குல்லாவைப் பறித்துக்கொண்டது. பாறைகளுக்கு மேலே அது மிதந்து சென்றதைப் பார்த்து அவன் அழுத அழுகையில் பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். அவனைத் தோளில் ஏற்றிக்கொண்ட சித்தப்பாவிடம் அம்மா, இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"நாங்க தெனம் ஏரிக்கரைல நின்னு உன் வெளக்கப் பாக்குறோம்பா. ஒரு நாள் தப்புனதில்ல."

"இந்த வெளக்கா? அவ்ளோ தூரம் எப்பிடி அண்ணி தெரியும்?"

"ஏன் தெரியாது? நல்லா தெரியுதே. ஒரு வெள்ள, ஒரு பச்ச."

"பச்சையா?" சித்தப்பா விழித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நம்ம வெளக்குல பச்ச கெடையாது அண்ணி. அது ஏரோப்ளேன் எறங்கறதுக்குப் போட்டு கீற வெளக்கு. மீனம்பாக்கத்துல."

அருகில் நின்ற பட்டணத்து இளைஞர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சிறுத்துப்போயிற்று. என் காதுகள் எரிந்தன. அது என் கண்டுபிடிப்பல்லவா. சித்தப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு வருசமா தெனம் நின்னீங்களா?" என்று கேட்டார். மறுபடியும், "தெனமுமா அண்ணி?" என்றார்.

தந்தையாரும் சிரிக்கவில்லை. வியப்படையவும் இல்லை. அதை நான் அன்றே கவனித்தேன். கவனித்ததை விளங்கிக்கொள்ளும் வயதுதான் எனக்கு இல்லை.

இறங்கி வந்ததும் தலைமைக் காப்பாளர் பெரிய நோட்டு ஒன்றை நீட்டினார். பெயர், ஊர், கருத்து என்று கட்டங்கள். பெரும்பாலோர் கையெழுத்தோடு நின்றிருந்தார்கள். தந்தையார் மேசைமீது குனிந்து, நாக்கைப் பல்லிடையே கடித்துக்கொண்டு, கருத்துக் கட்டத்திலும் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கடிதத்தில் எழுதும் பாணியில் இரண்டே சொற்கள்: "விளக்கு சுகம்."

அந்த நோட்டு இப்போது இல்லை. சென்ற மாதம் சீட்டு கிழிப்பவரிடம் விசாரித்தேன். அவர், "பழைய நோட்டெல்லாம் எங்க போச்சோ, தெரியலம்மா" என்று இரக்கத்தோடு சொன்னார்.

லாரி புறப்பட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. தந்தையார் பின்புறம் பார்த்தபடி அமர்ந்தார். சிறிது நேரத்தில் குன்றின் மேல் ஒளி பிறந்தது. வெள்ளை மட்டும், பச்சை இல்லை. "ஏத்திட்டான்" என்றார் அவர். திருப்போரூர் வருவதற்குள் மரங்கள் அதை மறைத்துவிட்டன. அதன் பின்னும் அவர் அதே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நான் பிற்காலத்தில் அறிந்ததைச் சொல்ல வேண்டும். திருமணமாகி ஓர் ஆண்டு கழித்து, அந்திவேளையில் பல்லாவரத்திலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே, வெகு அருகில், வெள்ளையும் பச்சையுமாக அந்த விளக்கு சுற்றியது. அப்போதுதான் நினைவு வந்தது. என் சிறுவயதில் தந்தையார் வெள்ளிதோறும் பல்லாவரம் சந்தைக்கு வண்டியில் வைக்கோல் ஏற்றிச் சென்றவர். பொழுது சாயும்போது அதே வழியில் திரும்பியவர். அது எவ்விடத்து விளக்கென்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் அம்மாவைத் திருத்தவில்லை. பனி மறைத்தபோது, பனிதான் மறைத்தது என்று அறிந்தே, தம்பியின் விளக்கு அணைந்துவிட்டதாகப் பேசினார். தம் சொல்லை மீறாமல் தம்பியைக் காண ஒரு காரணம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்தமுறை பிறந்தகம் சென்றபோது நேராகவே கேட்டேன்: "உனக்குத் தெரியும்தானே நைனா?"

"சந்தைக்குப் போற வழிதானே" என்றார். பிறகு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டார்.

சபதத்தின் மறுபாதி எஞ்சியிருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு வாசற்படியைச் சித்தப்பா மிதிக்கக் கூடாது அல்லவா? காணும் பொங்கல் கழிந்த இரண்டாம் மாதம் தந்தையார் தச்சரை அழைத்து வந்து வாசல் நிலையைப் பெயர்க்கச் சொன்னார். அம்மா பதறினார்.

"நல்லாதானே கீது? எதுக்கு?"

"கரையான் அரிச்சிடுச்சி."

தச்சர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "கரையானா? இன்னும் நூறு வருசம் நிக்கும் இது."

"நான் அரிச்சிடுச்சின்றேன்."

பழைய வாசற்படிக் கட்டையை வயல் வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டுவிட்டார். ஆடு, மாடு, ஆட்கள் எல்லோரும் அதை மிதித்து நடந்தார்கள். வாசலில் புதிய நிலை, புதிய படி. மஞ்சளும் குங்குமமும் உலர்வதற்குள் மகாபலிபுரத்துக்குக் கடிதம் போயிற்று. எழுதியவள் நான், சொன்னவர் அவர். "நான் சொன்னது அந்த வாசற்படி. அது இப்போது இல்லை."

பங்குனியில் சித்தப்பா வந்தார். அம்பத்தூருக்கென்று தைத்த அதே வெள்ளைச் சட்டையை அணிந்திருந்தார். தோளில் இறுக்கமாக இருந்தது. தம்பிக்கு ஒரு சிவப்புக் குல்லா கொண்டுவந்தார். காற்றில் போனதே கிடைத்துவிட்டது என்று அவன் பல காலம் நம்பினான்.

அதன் பிறகும் அம்மா ஏரிக்கரைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. மீனம்பாக்கத்து விளக்கென்று தெரிந்தே பார்த்தார். ஒரு மாற்றம் மட்டும் நேர்ந்தது. அவர் வீட்டுக்குள் நுழையும்போதே தந்தையார் முந்திக்கொண்டு, "ஏத்திட்டானா?" என்று கேட்பார். "ஏத்திட்டாரு" என்பார் அம்மா.

நான் இருக்கும் ஐந்தாம் தளத்து மாடத்திலிருந்து, இரண்டு கட்டடங்களின் இடுக்கு வழியே, தென்கிழக்கில் அந்த ஒளி இன்றும் தெரிகிறது. தம்பி ஆவடியில் இருக்கிறான். அவன் வீட்டிலிருந்து அது தெரியாது. பொழுது சாய்ந்ததும் நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பான். சர்க்கரை, முழங்கால், பேரப்பிள்ளைகள் என்று எதையும் விசாரிப்பதற்கு முன் அவன் கேட்பது ஒன்றுதான்.

"அக்கா, ஏத்திட்டாங்களா?"

நான் மாடத்துக்குச் சென்று, வெள்ளையும் பச்சையும் ஒருமுறை சுற்றி வரும்வரை காத்திருந்து, ஏத்திட்டாங்கடா என்று சொல்வேன்.